படுத்திருந்தால் தெரியாது

சென்னை
9.1.2025

அண்ணிக்கு,

வினோதினி எழுதுகிறேன். என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இதில் உங்கள் தம்பியைப் பற்றிய செய்தி இருக்கிறது.

போனில் சொல்லலாம்தான். என் நம்பரை நீங்கள் எடுப்பதில்லை. வேறு யார் போனிலிருந்தாவது கூப்பிடலாம் என்றால், இவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். இவர் காதில் விழக் கூடாத விஷயமும் இதில் இருக்கிறது. இவரைப் பதற வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் ஆல்வினிடம் கொடுத்தனுப்புகிறேன். தினமும் ஆரம்பாக்கத்தில் ரயிலேறி நண்டு கொண்டுவந்து விற்றுவிட்டு, போகும்போது வார்டில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். அன்றைக்கு அவிழ்ந்துபோன படகைப் பிடிக்க இவர் வேகவேகமாக நீந்திப் போய் நடுவில் அப்படியே அடங்கியபோது, தூக்கிப் படகில் போட்டுக் கரை வரைக்கும் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தது அவன்தான். பேரிடர்ப் பயிற்சியில் அவன் பொம்மையை அழுத்தியதைப் பார்த்து ஊரே சிரித்ததாம். இனி சிரிக்கட்டும், பார்க்கலாம்.

இவர் தெளிந்துவிட்டார். பேசுகிறார், இட்லி சாப்பிடுகிறார், சட்னி சரியில்லை என்று குறை சொல்கிறார். முதல் நாள் நீங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே போனீர்களே, அதை இவரிடம் சொல்லவில்லை. அக்கா வந்து அழுதுவிட்டுப் போனார்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் எதனால் நெஞ்சு நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. கை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், அடைப்பு இல்லை. ஸ்கேன் சரி. ஈ.சி.ஜி. சரி. ரத்தத்தில் எல்லாம் சரி. குடிப்பாரா, கஞ்சா உண்டா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள், எனக்கு ஒரு கட்டத்தில் கோபமே வந்துவிட்டது. எல்லாம் நன்றாக இருக்கிற மனுஷன் ஏன் செத்துப் பிழைத்தார் என்றால் பதில் இல்லை. காரணம் தெரியாமல் வீட்டுக்கு அனுப்பினால் மறுபடியும் வரலாம், அடுத்த தடவை ஆல்வின் பக்கத்தில் இருக்க மாட்டான் என்கிறார்கள்.

ஜெபசெல்வி என்று ஒரு டாக்டர், இந்த மாதிரிக் காரணம் தெரியாமல் நின்ற நெஞ்சுகளையே பார்க்கிறவர். நேற்று என்னை உட்கார வைத்துக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் குடும்பத்துல வேற யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா? ஓடும்போது, தண்ணியில, கோவத்துல, பயத்துல?" முதலில் மாமாவை, உங்கள் நைனாவைச் சொன்னேன். ஊர்க்கூட்டத்தில் வலை போடும் முறைக்காகச் சண்டைக்கு எழுந்தவர் அப்படியே சாய்ந்ததைச் சொன்னேன். அப்புறம் ஏரியில் போன உங்கள் மூத்தவள் சந்தியாவைச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்றார். பிள்ளைக்கு நெஞ்சளவு என்றேன். தத்தளித்தாளா என்றார். இல்லை என்றேன். "அப்போ அவ மூழ்கினதால நெஞ்சு நிக்கலம்மா. நெஞ்சு நின்னதாலதான் மூழ்கியிருப்பான்னு தோணுது" என்றார்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். உங்கள் சின்னவள் இளவரசியின் ஞாபகம் அதற்கப்புறம்தான் வந்தது. வந்ததும் பேனாவை எடுத்தேன். அவளை இங்கே கூட்டி வாருங்கள் அண்ணி. பரிசோதித்துப் பார்க்கிற வரைக்கும் பிள்ளை ஏரியில் இறங்க வேண்டாம்.

வினோதினி


சுண்ணாம்புக்குளம்
12.1.2025

வினோதினிக்கு,

தம்பி இட்லி சாப்பிடுகிறான் என்று படித்ததும் கடிதத்தைச் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டேன். மீதியைப் படித்ததும் எடுத்து அடுப்பில் போடப் போனேன். என் வீட்டுக்காரர் பிடுங்கி வைத்துவிட்டார்.

நல்ல வழிதான் கண்டுபிடித்திருக்கிறாய். ஆறு வருஷமாக உன் வாயால் ஆகாததை ஒரு டாக்டர் வாயால் சாதிக்கப் பார்க்கிறாய். என் பிள்ளையைக் கையால் இறால் தடவிப் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனது நீ. பக்கத்தில் நின்றது நீ. அவள் தண்ணீருக்குள் போனதைப் பார்க்காமல் பறிக் கூடையில் எத்தனை இறால் விழுந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தது நீ. இப்போது நெஞ்சு நின்றது என்று ஒரு கதை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எங்கே நெஞ்சு நிற்கும்? ஊரில் யாரையாவது கேட்டுப் பார், சிரிப்பார்கள். நைனாவையும் சேர்த்து இழுத்திருக்கிறாய். அவர் கோபத்தில் போனார். ஆகாதவர்கள் வைத்த சூனியம் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சந்தியாவுக்கு நீச்சல் தெரியாது. அதனால்தான் போனாள். அந்த விஷயத்தில் நான் மறுபடியும் ஏமாறவில்லை. சின்னவளை அந்த வருஷமே ஏரியில் இறக்கினேன். இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் மிதவைக் கட்டை கட்டி, கயிற்றை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதாள். வீட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். கை தளர்ந்து கயிற்றில் தொங்கினாள். நான் விடவில்லை. இன்றைக்குப் படகுத்துறையிலிருந்து எதிர்த் திட்டு வரைக்கும் போய்த் திரும்புகிறாள். பெரிய பையன்களே அவளுக்குப் பின்னால்தான் வருகிறார்கள். பிப்ரவரி எட்டாம் தேதி திருவள்ளூரில் மாவட்டப் போட்டி. பி.டி. டீச்சர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்குமாம், படிப்பும் அங்கேயே.

அவளைத் தண்ணீரில் இறக்காதே என்று நீ சொல்கிறாய். யார், நீ.

கருவாடு அனுப்பலாம் என்று பார்த்தேன், ஆஸ்பத்திரியில் உப்பு ஆகாது என்று ஆல்வின் சொன்னான். நண்டு ரசம் வைத்து அனுப்புகிறேன். தம்பிக்கு. தூக்குச் சட்டியைத் திருப்பி அனுப்பு.

நாகம்மாள்


சென்னை
15.1.2025

அண்ணிக்கு,

தூக்குச் சட்டியைக் கழுவி அனுப்பியிருக்கிறேன். ரசத்தை இவர் குடித்த வேகத்தைப் பார்த்து நர்ஸே பயந்துவிட்டார். எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். தம்பிக்கு என்று எழுதியிருந்தீர்கள், மன்னியுங்கள்.

கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முந்தாநாள் நான் கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். இவர் நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டி, ஓடுகிற பெல்ட் மேல் ஏற்றினார்கள். பக்கத்தில் ஷாக் கொடுக்கிற மெஷினைத் தயாராக வைத்திருந்தார்கள். திரையில் கோடு ஓடியது. மெதுவாக நடந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளை கையெழுத்துப் போல ஒழுங்காகப் போனது. வேகம் கூட்டினார்கள். நடுநடுவே ஒரு துடிப்பு தப்பியது. இன்னும் கூட்டினார்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கோடு தலைகீழாகப் புரள ஆரம்பித்தது. டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். இவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏன் நிறுத்திட்டீங்க என்று கேட்டார்.

"இஞ்சின் நல்ல இஞ்சின்தாம்மா. சும்மா ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. வேகம் குடுத்தா மட்டும் உள்ள கரண்டு தாறுமாறாப் போவுது" என்றார் டாக்டர். ஓட்டம், நீச்சல், கோபம், பயம், சந்தோஷம் எதுவானாலும் சரி, நெஞ்சு வேகமாக அடித்தால் வந்துவிடுமாம். மாமா கோபத்தில் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் அவரும் சொல்கிறார். இது ரத்த வழியாக வருவது. தம்பிக்கு இருந்தால் அக்காவுக்கும் இருக்கலாம். அக்காவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம். சந்தியாவுக்கு இருந்ததா என்று இனிமேல் யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. இளவரசிக்கு முடியும்.

பெருமையாகப் போட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். விசில் ஊதுவார்கள், கூட்டம் கத்தும், ஜெயிக்க வேண்டும் என்று பிள்ளை உயிரைக் கொடுத்து நீந்துவாள். இவருக்கு நடந்தது தனியாக ஒரு படகைத் துரத்தியதில். யோசித்துப் பாருங்கள்.

நான் பறியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை அண்ணி. ஆறு வருஷமாகச் சொல்ல வருகிறேன், நீங்கள் கேட்டதில்லை. இப்போதும் அதைப் பேச வரவில்லை. சந்தியாவை விடுங்கள். இளவரசியைப் பாருங்கள்.

வினோதினி


சுண்ணாம்புக்குளம்
22.1.2025

வினோதினிக்கு,

சந்தியாவை விடுங்கள் என்று எழுதிவிட்டாய். உன் கை எப்படி எழுதியது என்று தெரியவில்லை. நீ விட்டுவிட்டாய், நான் விட மாட்டேன்.

உன் கடிதத்தை இவர் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. வலைக்கும் போகவில்லை. வீட்டில் வாயே திறக்காத இந்தக் குப்பன் வாயைத் திறந்து, பாத்துட்டா இன்னா போச்சு என்று என்னிடம் கத்தினார். சரி, பார்த்துவிடுவோம் என்று பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஈ.சி.ஜி. எடுத்தோம். நார்மல் என்று அச்சடித்தே வந்திருக்கிறது. டாக்டரும் பார்த்துவிட்டு, பொண்ணு கல்லு மாதிரி இருக்கு என்றார். ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், உன் டாக்டரம்மாவிடம் காட்டு. இதோடு இந்தப் பேச்சு முடிந்தது.

அந்த டாக்டரம்மாவுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை, என்னைப் பார்க்காமலே என் ரத்தம்தான் குற்றம் என்று சொல்லியிருக்கிறாள். பெற்றவள் ரத்தம் பிள்ளையைக் கொல்லும் என்று சொல்லவா இவ்வளவு படிப்பு? எனக்கு நாற்பது வயதாகப் போகிறது. இத்தனை வருஷம் தலையில் கூடை சுமந்திருக்கிறேன், தண்ணீரில் கிடந்திருக்கிறேன், ஊர் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் வரவில்லையே.

போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம்தான். இளவரசி காலையும் மாலையும் நீந்துகிறாள். டீச்சர் நேரம் குறித்துக்கொண்டு போகிறார்.

தம்பியை ஒன்று கேட்டு எழுது. விழுவதற்கு முன்னால் அவனுக்கு ஏதாவது தெரிந்ததா? கண் இருட்டியதா? சும்மாதான் கேட்கிறேன்.

நாகம்மாள்


சென்னை
23.1.2025

அண்ணி,

ஆல்வின் கையில் இருந்து வாங்கி, அவனை நிற்க வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று காலை மாற்றி மாற்றி நிற்கிறான்.

நீங்கள் சும்மா கேட்கிறவர் இல்லை. இளவரசி ஏதோ சொல்லியிருக்கிறாள்.

இவரைக் கேட்டேன். ஆமாம், கண் இருட்டியதாம். அதற்கு முன்பும் சின்ன வயதில் ஒன்றிரண்டு தடவை வந்ததாம், பசி மயக்கம் என்று விட்டுவிட்டாராம். அன்றைக்கு இருட்டியதும் படகு தெரியவில்லை, அப்புறம் ஒன்றும் ஞாபகமில்லை.

ஜெராக்ஸை டாக்டரிடம் காட்டினேன். அவர் இவருடைய ஈ.சி.ஜி.யை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி நார்மல். "படுக்க வெச்சு எடுத்தா இது தெரியாதும்மா. ஓட வெச்சாத்தான் தெரியும். இந்தப் பேப்பரை நம்பித்தான் நெறைய வீடுங்க ஏமாறுது" என்றார். உங்கள் ஊர் டாக்டர் மேல் தப்பில்லையாம், அவர் பார்த்தது சரிதானாம், கேட்ட கேள்விதான் வேறாம். இதற்குத் தினமும் போடுகிற மாத்திரை இருக்கிறதாம். கண்டுபிடித்துவிட்டால் பிள்ளை கிழவியாகிற வரைக்கும் இருப்பாளாம். கண்டுபிடிக்காவிட்டால்தான் ஆபத்து.

நீங்கள் ஏன் வர மறுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இளவரசிக்கு இருக்கிறது என்று வந்துவிட்டால் சந்தியாவுக்கும் இருந்தது என்று ஆகிவிடும். சந்தியாவுக்கு இருந்தது என்று ஆனால் என் மேல் பழி இல்லை என்று ஆகிவிடும். அதுதானே? அப்படியானால் கேளுங்கள். பழியை நானே வைத்துக்கொள்கிறேன். நான்தான் பார்க்காமல் விட்டேன். மாரியம்மன் கோயில் வாசலில் நின்று ஊர் முன்னால் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். டாக்டர் என்ன சொன்னாலும் சந்தியா பேச்சை உங்களிடம் ஒருநாளும் எடுக்க மாட்டேன். நீங்கள் இத்தனை வருஷம் என்னைப் பேசியதெல்லாம் பேசியதாகவே இருக்கட்டும்.

பிள்ளையை மட்டும் கூட்டி வாருங்கள்.

வினோதினி


சுண்ணாம்புக்குளம்
27.1.2025

வினோதினிக்கு,

போன வாரம் திட்டுவரைக்கும் போய்விட்டுத் திரும்பும்போது இளவரசி நடுவில் இருக்கிற வலைக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கரைக்கு வந்ததும், "ம்மா, கண்ணு இருட்டுச்சு. கம்பு இல்லன்னா போயிருப்பேன்" என்றாள். வெறும் வயிற்றில் இறங்கியிருப்பாய் என்று நான்தான் திட்டினேன். சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கினாள். நானே போட்ட கஞ்சி.

அவளைக் கூட்டி வர மாட்டேன். ஓட வைத்தால் தெரியும் என்கிறாய், ஓட வைத்து அங்கேயே போய்விட்டால் யாரிடம் கேட்பேன்? ரத்தம் என் ரத்தம்தானே. முதலில் என்னை ஓட விடட்டும். எனக்கு இல்லையென்றால் அவளைத் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை வருகிறேன், டாக்டரம்மாவிடம் சொல்லி வை. நீ அங்கே நிற்காதே. உன் முகத்தைப் பார்த்தால் கோபம் வரும், கோபம் வந்தால் நெஞ்சு அடிக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அவளைத் தண்ணீரில் விடவில்லை. காய்ச்சல் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். நன்றாக இருக்கிற பிள்ளையைக் காய்ச்சல் என்று படுக்க வைத்திருக்கிறேன், அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நாகம்மாள்


சென்னை
3.2.2025

அண்ணி,

வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தீர்கள், போனீர்கள். நான் அங்கே நிற்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மாடிப்படிக்கு நீங்கள் தடை போடவில்லையே. புடவையோடு ஓட முடியாது என்று ஆஸ்பத்திரிப் பேண்ட் கொடுத்து, நீங்கள் நர்ஸோடு சண்டை போட்டது மேலே வரைக்கும் கேட்டது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அப்புறம் கதவைச் சாத்தினார்கள். பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டது. வேகம் கூடியது. திடீரென்று நின்றுவிட்டது. யாரோ ஓடி வந்தார்கள். படி வளைவு வரைக்கும் இறங்கி நின்றேன்.

நீங்கள் உங்கள் காலால் நடந்து போனதைப் படி வளைவிலிருந்து பார்த்தேன்.

என்ன வந்தது என்று டாக்டரைக் கேட்டேன். "அது அவங்க ரிப்போர்ட்டும்மா. அவங்களே சொல்லுவாங்க" என்கிறார். கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. முகத்தைப் பார்த்து ஏதாவது கண்டுபிடிக்கலாம் என்றால் அந்தம்மா முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்காது. ஆல்வின் மூன்று நாளாக வெறுங்கையோடு வருகிறான். நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களா என்றால் இருக்கிறார்கள் என்கிறான். இளவரசி தண்ணீரில் இறங்கினாளா என்றால், தெரியவில்லை, நான் வரும்போது விடிந்தே இருக்காது என்கிறான்.

உங்கள் தம்பிக்கு நாளைக்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு கருவி வைக்கிறார்கள். மறுபடியும் துடிப்பு புரண்டால் அது உள்ளேயே ஷாக் கொடுத்துச் சரிசெய்துவிடுமாம். இவர் தைரியமாக இருக்கிறார். எனக்குத்தான் கருவி வைக்க வேண்டும்.

எட்டாம் தேதி நெருங்குகிறது. ஒரு வார்த்தை எழுதுங்கள். வந்தது, இல்லை, ஏதாவது ஒன்று. திட்டியாவது எழுதுங்கள்.

வினோதினி


சுண்ணாம்புக்குளம்
10.2.2025

வினோ,

எனக்கு இருக்கிறது.

பெல்ட்டில் ஏறும்போது எனக்கு ஒன்றும் இருக்காது என்றுதான் ஏறினேன். டாக்டரம்மாவுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும் என்று மனசுக்குள் தயார் செய்துகூட வைத்திருந்தேன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒன்று மேலே, ஒன்று கீழே. நீ எழுதியிருந்தாயே, அதேதான். "இவ்ளோ நாள் உங்களுக்கு ஒண்ணும் வராததுதாம்மா ஆச்சரியம். சிலருக்கு அப்படித்தான், உள்ளயே இருக்கும், வெளிய காட்டாது, பிள்ளைங்களுக்குக் குடுத்துடும்" என்றாள். வெளியே வந்து ரயிலேறிவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இந்த நிலையில் உனக்கு என்ன எழுதுவது?

ஆறாம் தேதி உன் கண்ணில் படாமல் இளவரசியைக் கூட்டிக்கொண்டு போனோம். நான் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். பிள்ளை சிரித்துக்கொண்டேதான் ஏறினாள். ஓடுவது அவளுக்கு விளையாட்டு, போட்டிக்கு அனுப்புவதற்குத்தான் இந்தச் சோதனை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததைவிட அவளுக்குச் சீக்கிரம் வந்தது, அதிகமாகவும் வந்தது. டாக்டரம்மாவே கையை நீட்டி அவளைப் பிடித்துக்கொண்டாள். எட்டாம் தேதி அவள் நீந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை.

இப்போது எனக்கும் இளவரசிக்கும் மாத்திரை. ஒருவேளைகூட விடக் கூடாது. அவள் இனி நீந்தக் கூடாது. ஏரியில் இறங்கக் கூடாது. எட்டாம் தேதி முழுக்கப் படகுத்துறையில் போய் உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே போய் நானும் தள்ளி உட்கார்ந்தேன். "நீதான கத்துக் குடுத்த. இப்ப நீயே வேணான்ற" என்றாள். சாகக் கூடாது என்று சொல்லித்தான் கயிறு கட்டி இறக்கினேன். ஒவ்வொரு நாளும் அவளை எதில் இறக்கினேன் என்று இப்போது தெரிகிறது. கை தளர்ந்து கயிற்றில் தொங்கினாளே, அது என்ன தளர்ச்சி என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் மேல் தப்பில்லை என்று எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன், பார். ஆனால் ஒன்று சொல்கிறேன். ஆறு வருஷம் உன்னைத் திட்டித்தான் நான் தூங்கினேன். படுத்ததும் உன்னை நினைப்பேன், வாய்க்கு வந்ததைச் சொல்வேன், தூக்கம் வந்துவிடும். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஊர் முன்னால் பழியை ஏற்கிறேன் என்று நீ எழுதியதைப் படித்த அன்றைக்கே எனக்குப் பாதி போய்விட்டது. செய்தவள் அப்படி எழுத மாட்டாள்.

அந்த நாளைப் பற்றி உன்னை ஒருமுறையும் பேச விட்டதில்லை. இப்போது கேட்கிறேன். என் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தாள்? பயந்தாளா? என்னைக் கூப்பிட்டாளா? நடந்ததை நடந்தபடி எழுது. எனக்காக எதையும் மாற்றாதே.

நாகம்மாள்


சென்னை
12.2.2025

அண்ணி,

இதை மேற்கொண்டு படிக்காதீர்கள். முதலில் இன்றைய மாத்திரையைப் போடுங்கள். குப்பன் அண்ணனைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். ஆல்வினும் கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பான், சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். அழுகை நெஞ்சுக்கு ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டேன். மாத்திரை போட்டிருந்தால் ஆகும், அழாமல் அடக்கி வைப்பதுதான் ஆகாது என்றார். அவர் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். இவ்வளவு பயந்து நான் யாருக்கும் எதுவும் எழுதியதில்லை.

போட்டுவிட்டீர்களா?

அன்றைக்கு இறால் அதிகம் இல்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது. சந்தியா எனக்கு முன்னால், என் கை எட்டுகிற தூரத்தில் இருந்தாள். அதுவரைக்கும் அவள் கையால் ஒரு இறால்கூடப் பிடித்ததில்லை. தடவுவாள், தொடுவாள், அது துள்ளிப் போய்விடும். அன்றைக்கு அவள் காலுக்குக் கீழே பெரிய புலி இறால் ஒன்று சிக்கியது. அமுக்கினாள், நழுவியது. அதன் பின்னாலேயே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள், மறுபடி அமுக்கினாள். கடைசியில் பிடித்துவிட்டாள். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். "அத்தே, நானே புட்ச்சேன்" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரித்தபடியே தண்ணீருக்குள் உட்கார்ந்தாள். கத்தவில்லை, கையைக் காலை அடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இறால் கையை விட்டுப் போய்விட்டது, அதைத் தேடி முங்குகிறாள் என்று நினைத்தேன். நம் தொழிலே அதுதானே. தலை உள்ளே போவதும் வெளியே வருவதுமாகத்தான் நாள் முழுக்க இருக்கிறோம், முங்கின ஆளைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. நானும் சிரித்தேன். "உடாத, புடி" என்றேன். வரவில்லை. நான் தூக்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு போகவில்லை. அதைத்தான் நான் சொல்ல வந்தேன். அன்றைக்கு நீங்கள் கேட்கும் நிலையில் இல்லை.

உங்களைக் கூப்பிட்டாள் என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். மாற்றாதே என்று சொல்லியிருக்கிறீர்கள். கூப்பிடவில்லை அண்ணி. அம்மாவைக் கூப்பிடுகிற அளவுக்கு அவளுக்குப் பயம் வரவே இல்லை.

வினோதினி